செப்புக் குடத்துத் தண்ணீர்

சித்திரை வருடப்பிறப்பு கழிந்து மூன்றாம் நாள். விடியற்காலையில் தேநீர்க் கோப்பையும் கையுமாகத் தொட்டிக்கு முன்னால் குந்தினேன். முதலில் கண்ணில் பட்டவை நத்தைகள். எப்போதும் கண்ணாடியில் அப்பிக்கொண்டு மேய்கிறவை, அன்று ஓட்டுக்குள் ஒடுங்கி அடிமணலில் உருண்டு கிடந்தன. அதற்குப் பிறகுதான் இறால்களைப் பார்த்தேன். பாசிக்கு நடுவில் ஒன்று மல்லாந்து கால்களை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது. மற்றவை அவித்தெடுத்ததுபோல வெளிறிய நிறத்தில், வளைந்து, செடிகளின் வேரோரமாகக் கிடந்தன. எண்ணினேன். 38.

கப்பி மீன்கள் நான்கும் ஒன்றுமே நடவாததுபோல மேலே வந்து, சாப்பாடு எங்கே என்று வாயைத் திறந்து திறந்து மூடின.

நான் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவன். வட்டக்கச்சியில் வீடு. பரந்தன், தருமபுரம், புதுக்குடியிருப்பு, மாங்குளம் என்று எங்கே கூப்பிட்டாலும் மோட்டார் சைக்கிளில் போவேன். 2010 இல் சனங்கள் திரும்பி வந்து குடியேறிய நேரம், வளவுக்குள் காலடி வைத்ததும் எல்லோரும் செய்த முதல் வேலை கிணறு இறைப்பது. இரவல் மோட்டார் ஒன்றை வைத்துக்கொண்டு கிணறு கிணறாக இறைத்ததில்தான் என் தொழில் தொடங்கியது. அதனால் தண்ணீர் விடயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. ஒரு மிடறு வாயில் விட்டுக் கொப்பளித்தால் உவரா, இரும்பா, சுண்ணாம்பா என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிருக்கு என் வீட்டுக் கூடத்திலேயே அடி விழுந்தது.

இந்தப் பக்கத்தில் இறால் என்றால் நந்திக்கடல் இறால். கறிக்கு. கண்ணாடிக்குள் இறால் வளர்ப்பவன் என்று ஊரில் எனக்கு ஒரு பட்டப்பெயரே உண்டு. அதை இங்கே எழுதப்போவதில்லை. பக்கத்து வளவு அண்ணை தொட்டியை உற்றுப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பாடுபட்டு வளர்க்கிறாய், கடைசியில் ஒரு சம்பலுக்கும் காணாதே" என்றார். உண்மைதான். செர்ரி இறால் வளர்ந்தால் இரண்டு, மூன்று சென்ரிமீற்றர். கூனி இறாலுக்கு அண்ணன் என்று சொல்லலாம். தைவான், கிழக்குச் சீனப் பக்கத்து ஓடைகளில் மண்ணிறமாகத் திரிந்த இனம். சிவப்பு, மனிதர் தெரிந்தெடுத்துப் பெருக்கிய நிறம். கொழும்பிலிருந்து இரவுப் பஸ்ஸில், ரெஜிபோம் பெட்டிக்குள் 15 வந்தன. ஒரு வருடத்தில் 60க்கு மேல் ஆகிவிட்டன. 60 லீற்றர் தொட்டிக்கு அது பெரிய கூட்டமில்லை. இறால் ஒன்று போடுகிற கழிவு மிகச் சொற்பம்.

அவை வருவதற்கு ஆறு கிழமைக்கு முன்பே தொட்டியைத் தண்ணீரும் செடியுமாக ஓடவிட்டிருந்தேன். கழிவிலிருந்து வருகிற அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதை நைத்திரேற்றாகவும் மாற்றுகிற பற்றீரியாக்கள் பஞ்சு வடிகட்டியில் குடியேற அவ்வளவு காலம் எடுக்கும். வன்னிக் கிணற்றுத் தண்ணீருக்கு இதில் இன்னொரு இடக்கு. பி.எச்., அதாவது தண்ணீரின் அமில-காரக் கணக்கு, ஒரு அலகு ஏறினால் அமோனியாவின் நஞ்சான பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. வெப்பம் ஏற ஏற இன்னும் கூடுகிறது. நம்முடைய கிணறுகள் பெரும்பாலும் 7.5க்கு மேல். இடியப்பத் துண்டும் சோற்றுப் பருக்கையும் போட்டுவிட்டு "தின்னட்டும்" என்று விடுகிற பழக்கம் கப்பியோடு ஓடிப்போகும், இறாலோடு ஓடாது.

என் கிணற்றில் டி.டி.எஸ். மானி, அதாவது தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற கருவி, 540 காட்டும். தேநீர் வைக்கிற கேத்திலின் உள்பக்கத்தைச் சுரண்டினால் சுண்ணாம்பு பாளம் பாளமாக வரும். இந்த இறால் கடினமான தண்ணீரை ஓரளவு தாங்கும். ஆனால் ஆவணி மாதத்தில் கிணறு வற்றி மானி 700ஐத் தொட்டபோது ஓடு கழற்ற முடியாமல் சில செத்தன. கழுத்துக்கும் உடலுக்கும் இடையில் ஒரு வெள்ளை வளையம் விழும். பழைய ஓடு வெடிக்க வேண்டிய இடம் வட்டமாகப் பிளந்து, உடல் வெளியே வர வழியின்றி அப்படியே நின்றுவிடும். மழைநீரில் மட்டும் வளர்த்தால் எதிர்ப்பக்கத்துக் கேடு. ஓடு கட்டச் சுண்ணாம்புச் சத்து இல்லை. அமிலத்தைத் தாங்கிப் பிடிக்கக் காபனேற்றும் இல்லாததால் பி.எச். திடீரென்று சரியும். ஆகவே ஒரு பங்கு கிணறு, இரண்டு பங்கு மழை. மானி 190க்குக் கிட்ட நிற்கும். வீட்டுக்குப் பின்னால் 5000 லீற்றர் சீமெந்துத் தாங்கி இருக்கிறது; மாரி மழை கூரையிலிருந்து பீலி வழியாக அதற்குள் இறங்கும். கட்டிய முதல் வருடம் அந்தத் தண்ணீரை எடுக்காதீர்கள். புதுச் சீமெந்து சுண்ணாம்பைக் கக்கும்.

இவ்வளவும் கணக்காக வைத்திருந்தவன்தான் நான். மானியைச் சட்டைப்பையில் பேனாவைப்போலக் குத்திக்கொண்டு திரிந்தேன்.

சித்திரையில் எங்கள் தகரக் கூரை வீட்டுக்குள் தண்ணீர் 31 பாகைக்கு ஏறும். செர்ரி இறாலுக்கு 28க்கு மேல் போனாலே இளைப்பு. சூடேறிய தண்ணீரில் ஒட்சிசன் குறையும், அதே நேரம் உடம்பு கூடுதலாகக் கேட்கும். பழுதான கணினி ஒன்றிலிருந்து கழற்றிய சின்ன விசிறியைத் தொட்டியின் விளிம்பில் பொருத்தி, காற்று நீர்ப்பரப்பை உரசிப் போகும்படி திருப்பிவிட்டேன். மண்பானை குளிர்வது எப்படியோ அதே வித்தைதான். இரண்டு, மூன்று பாகை இறங்கிவிடும். 12 வோல்ற்றில் ஓடுவதால் மோட்டார் சைக்கிள் பற்றறியிலும் ஓடும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்ற நாட்களில் அதற்குப் பக்கத்திலேயே சின்னக் காற்றுப் பம்பு ஒன்றும் பற்றறியில் ஓடியது. வடிகட்டிப் பஞ்சுக்குள் நீரோட்டம் மணிக்கணக்கில் நின்றால் பற்றீரியாக்கள் மூச்சுமுட்டிச் சாகும். மின்சாரம் வந்ததும் அந்த அழுகலை எல்லாம் வடிகட்டி தொட்டிக்குள்ளேயே தள்ளிவிடும்.

விசிறிக்கு ஒரு விலை உண்டு. தண்ணீர் வற்றும். ஆவியாகிறபோது தண்ணீர் மட்டும் போகிறது, உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்குகிறது. எனவே வற்றியதை ஈடு செய்யக் கலவைத் தண்ணீர் விடக்கூடாது. தனி மழைநீர்தான் விட வேண்டும். இது வீட்டில் எல்லோருக்கும் நான் வாய் ஓயாமல் சொன்ன பாடம்.

வருடப்பிறப்பு முடிந்த கையோடு ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு தோட்டத்தில் மோட்டார் எரிந்துவிட்டது. கம்பி சுற்றிப் பொருத்த ஒன்றரை நாள். இரவு பதினொரு மணிக்குத்தான் வீடு திரும்பினேன். விடிந்ததும் இந்தக் காட்சி.

அமோனியாச் சோதனைக் குழாயில் சொட்டு விட்டுப் பார்த்தேன். தெளிந்த மஞ்சள், அதாவது இல்லை. ஒட்சிசன் குறைந்திருந்தால் கப்பிகளும் மேலே வந்து வாயைப் பிளந்து இரைத்திருக்கும். அவை இரைக்கவில்லை, சாப்பாடுதான் கேட்டன. நுளம்புத்திரிப் புகையோ, நுளம்புக்கு அடிக்கிற புகையோ, வயல் மருந்தோ என்றால் இறால் போகும், மீனும் சுருளும். நத்தை அநேகமாகத் தப்பிவிடும். சிறுபோகத்துக்கு வயல் உழுகிற நேரம் அது. மருந்தடி இன்னும் தொடங்கவுமில்லை. மீனை விட்டுவிட்டு இறாலையும் நத்தையையும் சேர்த்து விழுத்துவது எது? பம்புக்காரனுக்கு அந்தப் பதில் உடனே வந்திருக்க வேண்டும். நாள் முழுக்கக் கையில் வைத்துச் சுற்றுகிற சாமான். செம்பு.

என் கையைத்தான் முதலில் சந்தேகித்தேன். கம்பி சுற்றிவிட்டு கை கழுவாமல் தொட்டிக்குள் விட்டேனா? இல்லை, இரண்டு நாளாக நான் வீட்டிலேயே இல்லை. மானியை அமிழ்த்தினேன்: 188. அவ்வளவு செத்துக் கிடக்கிற தண்ணீருக்கு அந்த மானி நல்ல சான்றிதழ் கொடுத்தது. அதன் மேல் பிழையில்லை. எல்லா உப்பையும் சேர்த்துக் கரைசல் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதுதான் அதற்குத் தெரியும். இறாலைக் கொல்லப் போதுமான செம்பு அந்தக் கணக்கில் ஒரு தூசி.

188. அப்போதுதான் உறைத்தது. ஒன்றரை நாள் விசிறி ஓடிய தொட்டி இரண்டு விரற்கடை வற்றி, 200ஐத் தாண்டியிருக்க வேண்டும். நீர்மட்டமோ விளிம்போடு இருந்தது.

"தொட்டிக்கு யார் தண்ணீர் விட்டது?"

அடுப்படியிலிருந்து அம்மா வந்தார். "நான்தான் தம்பி. பாவம், வற்றிப்போய்க் கிடந்தது. கிணற்றுத் தண்ணீர் ஆகாது, மழைத் தண்ணீர்தான் விட வேண்டும் என்று நீதானே சொல்வாய்? நான் குடிக்க வைத்திருந்ததில் அரைக் குடம் ஊற்றினேன்."

குடம் என்றால் செப்புக் குடம். அம்மா இரவில் மழைத் தாங்கித் தண்ணீரை அதில் நிரப்பி வைத்து, காலையில் வெறும் வயிற்றில் ஒரு செம்பு குடிப்பார். எத்தனையோ வருடப் பழக்கம். அடுப்படி மூலையில் போய் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். வருடப்பிறப்புக்காகப் பழப்புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். புதுக்காசுபோல மின்னியது. அடிவிளிம்பில் மட்டும் தேய்ப்புக்குத் தப்பிய பச்சைக் களிம்பு ஒரு கீற்று. உள்ளே விரலை ஓட்டினேன். சுத்தமான, வெறும் செம்பு.

என் சொல்லை ஒரு எழுத்துப் பிசகாமல் கேட்டிருக்கிறார். வீட்டில் தனக்கென்று வைத்திருந்த மிகச் சிறந்த தண்ணீரை எடுத்துக் கொடுத்திருக்கிறார். யாரைக் கோபிப்பது?

நடந்தது இதுதான். என் கிணற்றுத் தண்ணீரை அந்தக் குடத்தில் வைத்திருந்தால் இவ்வளவு கெட்டிருக்காது. கடினத் தண்ணீர் உலோகத்தின் மேல் ஒரு சுண்ணாம்புப் பூச்சைப் படியவிடும். கிணற்றடிப் பித்தளை வால்வை வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை அடித்த சுவர் மாதிரி இருக்கும். போதாததற்கு, கரைந்த செம்பையும் காபனேற்று ஓரளவு பிடித்து வைத்துக்கொள்ளும். மழைநீரில் அந்த இரண்டும் இல்லை. எதைத் தொட்டாலும் அதில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிற பசித்த தண்ணீர் அது. பழைய குடத்தில் காலப்போக்கில் கறுத்துப் படிகிற மேல்தோல் ஒரு காவல். பழப்புளி அதையும் உரித்துவிட்டது. புளி, மழை, ஓர் இரவு.

அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்தியபோது, "மனிதர் குடிக்கிற தண்ணீர் இறாலுக்கு ஆகாதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் பிழை இல்லை. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இறாலைச் சாய்க்க அதில் மிகச் சிறிய பங்கு போதும். இத்தனைக்கும் இறாலின் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமப்பதே செம்புதான். நமக்கு இரும்பு எப்படியோ அதற்கு அப்படி. அதனால்தான் அதன் இரத்தம் சிவப்பாக இல்லாமல் நீலம் பாரிக்கிறது. தனக்கு வேண்டியதை அது உணவிலிருந்து எடுத்துக்கொள்கிறது. தண்ணீரில் கரைந்து செவுளில் வந்து மோதுகிற செம்பைத்தான் அதனால் தாங்க முடியாது.

உயிரோடு இருந்தவற்றை வாளிக்கு மாற்றலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஏற்கெனவே துவண்டவற்றை வலையில் அள்ளித் துரத்துவது இன்னொரு கொலை. தொட்டித் தண்ணீரையே மாற்றினேன். காலையில் மூன்றிலொரு பங்கு, மாலையில் மூன்றிலொரு பங்கு, மறுநாளும் அப்படியே. எல்லாம் மானியில் 190 காட்டிய அதே கலவை, அதே வெப்பம். நஞ்சை எடுக்கிற அவசரத்தில் வேறு மாதிரித் தண்ணீரை விட்டால் அந்த அதிர்ச்சியில் நேரங்கெட்ட நேரத்தில் ஓடு கழற்றிச் சாகும். கிளிநொச்சியில் மீன் கடை வைத்திருக்கும் பையனிடம் தூண்டிய கரி, அதாவது தண்ணீரில் கரைந்த நஞ்சை உறிஞ்சிப் பிடிக்கிற கரி, வாங்கி, மகளின் பழைய காலுறை ஒன்றில் கட்டி வடிகட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். சிரட்டைக்கரியில் செய்தது. இந்த நாடு கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்கிற சாமான். நாங்கள் சின்னப் பைக்கற்றில் யானை விலைக்கு வாங்குகிறோம். நாட்டு வாதுமைச் சருகு நான்கும் போட்டேன். தேநீர்ச் சாயமாக இறங்குகிற அந்தக் கரைசல் செம்பைக் கொஞ்சம் கட்டிப் பிடிக்கும். மறுநாள் 9 செத்தன. அதற்கு மறுநாள் ஒன்று. பிறகு நின்றது. மிஞ்சியவை 14.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்துவிட்டது. தண்ணீர் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், எதையெல்லாம் தொட்டுக்கொண்டு வந்தது என்று கேட்கிறேன். கேட்கத் தொடங்கினால் பயமாகத்தான் இருக்கிறது. இரவு முழுக்கக் குழாயில் நின்ற தண்ணீர் பித்தளை முனையைத் தொட்டிருக்கிறது; முதல் இரண்டு வாளியை வாழைக்கு விடுகிறேன். சவர்க்காரம் தேய்த்த கை, நுளம்புக்குப் பூசிய கை, கம்பி சுற்றிய கை, மூன்றும் முழங்கைவரை கழுவித்தான் உள்ளே போகும். செடி உரப் போத்தல் வாங்கினால் பின்பக்கத்துச் சிற்றெழுத்தைப் படிக்கிறேன். செடிக்கு வேண்டிய அளவு செம்பு அநேகமாக எல்லா உரத்திலும் இருக்கும். சொன்ன அளவில் விட்டால் கேடில்லை. "நன்றாக வளரட்டும்" என்று இரண்டு மூடி விடுவதுதான் ஆபத்து. மீன் நோய்க்கு விற்கிற மருந்துகளில் சில செம்பு உப்பேதான். அந்தப் போத்தலை நான் வீட்டிலேயே வைப்பதில்லை.

காற்றும் தொடும். பலர் இதை நினைப்பதேயில்லை. காற்றுப் பம்பு கூடத்துக் காற்றை உறிஞ்சிக் குமிழியாக்கித் தண்ணீருக்குள் தள்ளுகிறது. கூடத்தில் நுளம்புத்திரி எரிந்தால் அந்தப் புகையைத் தண்ணீருக்குள் ஊதுகிறோம் என்று அர்த்தம். காலபோகத்தில் பக்கத்து வயலுக்கு மருந்தடிக்கும் அன்று அண்ணை முதல் நாளே சொல்லிவிடுவார். பம்பை நிறுத்தி, ஈரச் சீலையால் தொட்டியை மூடி, யன்னலைச் சாத்திவிட்டு, வாசம் அடங்கும்வரை இரண்டு மணி நேரம் அப்படியே விடுவேன். அண்ணைக்கு இன்னமும் சிரிப்புத்தான். ஆனால் சொல்ல மறப்பதில்லை.

வாய்க்காலில் அள்ளிய வேலம்பாசியை நேரே தொட்டிக்குள் போட்ட காலமும் ஒன்று இருந்தது. வயல் கழித்த தண்ணீரில் நின்ற செடி அது. போதாக்குறைக்குத் தும்பிப் புழு ஒன்றும் கூடவே வந்து, குஞ்சு இறால்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்றது. வாயின் கீழ் உதட்டை மடித்து வைத்திருந்து, கைபோல நீட்டிக் கவ்வும். பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவதே தெரியாது என்பது வேறு கதை. இப்போது கடைச் செடியோ குளத்துச் செடியோ, இரண்டு கிழமை வாளியில். இரண்டு நாளைக்கொரு முறை தண்ணீர் மாற்றம்.

நகரப் பக்கம் குழாய்நீர் வைத்திருப்பவர்களுக்குக் குளோரின் தொல்லை. கிணற்றுக்காரரும் தப்பியதாக எண்ண வேண்டாம். 2018 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நானே எத்தனையோ கிணறுகளை இறைத்துக் குளோரின் தூள் போட்டிருக்கிறேன், என்னுடையது உட்பட. அப்போது கப்பி மட்டும் இருந்தது. வாளியில் பிடித்து ஒரு நாள் முழுக்கக் காற்றுக்கல் ஓடவிட்டுத்தான் விட்டேன்.

இழந்ததை ஈடு செய்யப் புதிதாக இறால் வாங்கவில்லை. மிஞ்சிய 14இலிருந்தே பெருகட்டும் என்று விட்டேன். ஆடியில் ஒருத்தி வயிற்றுக்கடியில் மஞ்சள் முட்டைகளைச் சுமந்துகொண்டு, சின்னக் கால்களால் அவற்றை விசிறிக்கொண்டு, வேரடியில் மூன்று கிழமை ஒளிந்திருந்தாள். இப்போது தண்ணீர் மாற்றும்போது வாளியிலிருந்து ஊற்றுவதே இல்லை. மருந்துக்கடையில் வாங்கிய சேலைன் குழாயை உயர வைத்த வாளியில் மாட்டி, சக்கரத்தைத் திருகி, விநாடிக்கு இரண்டு சொட்டாக விடுகிறேன். ஐந்து லீற்றர் இறங்க ஒரு பகல் முழுக்க ஆகும். அந்தச் சொட்டுக்கு நேர் கீழே குஞ்சுகள் வந்து நின்று, விழுகிற சொட்டில் உருண்டு, திரும்ப வந்து நிற்கும்.

செப்புக் குடம் அதே மூலையில் இருக்கிறது. அம்மா காலையில் ஒரு செம்பு குடிக்கிறார். அதற்குப் பக்கத்தில் மூடிபோட்ட நீலப் பிளாஸ்டிக் வாளி ஒன்று. மூடியில் மகள் கொட்டை எழுத்தில் "இறால்" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். நான் வெளியூர் வேலையில் நின்றால் மாலையில் அம்மாவின் தொலைபேசி வரும்.

"தம்பி, ஒரு விரற்கடை வற்றியிருக்கிறது. நீல வாளியிலிருந்து விடட்டா, நீ வரும்வரை அப்படியே இருக்கட்டா?"

"அள்ளி விடுவது எதனால் அம்மா?"

"உன்னுடைய அந்தப் பிளாஸ்டிக் கோப்பையால்தான்."